புது ஓஎஸ் போட்ட பிறகு கணினி ஏன் எழ மறுக்கிறது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்போ, அது ஏற்கும் அளவுக்குப் புதிய பிராசஸரோ இல்லாத கணினிகள் வீடுகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் டியூஷன் சென்டர்களிலும் இன்னும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன. சொந்தக்காரர்கள் சிலர் சோதனைகளை எப்படியோ தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றுகிறார்கள். சிலர் உபுண்டு, மின்ட் என்று லினக்ஸ் பக்கம் போகிறார்கள். எந்தப் பக்கம் போனாலும் ஒரு கட்டம் பொது. இன்ஸ்டால் முடிந்தது, பென்டிரைவை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்று திரை சொல்லும். செய்தால், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்து அப்படியே நின்றுவிடும்.

அந்த வரியைப் படிக்காமல் முதலிலிருந்து மறுபடி இன்ஸ்டால் செய்வதுதான் பலரும் செய்வது. கடைக்குக் கொண்டுபோனாலும் “பார்மட் அடிச்சுப் போட்டுடலாம் சார்” என்பார்கள். என் கருத்தில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. இப்படி நிற்கும் கணினிகளில் பெரும்பாலும் புதிதாகப் போட்ட ஓஎஸ் டிஸ்கில் முழுசாக, பழுதில்லாமல்தான் இருக்கும். அழிக்காமல் விட்ட பழைய கோப்புகளும் பத்திரமாக இருக்கும். அதைக் கூப்பிட வேண்டிய இடத்தில்தான் கோளாறு. கதவிலக்கத் தகடு விழுந்துவிட்டது என்று வீட்டையே இடித்துக் கட்டுவது போன்றது இந்த மறு இன்ஸ்டால். அதிலும் முதல்முறை செய்த தப்பையே செய்தால் தகடு மறுபடியும் விழும்.

பவர் பட்டனுக்கும் லாகின் திரைக்கும் நடுவில்

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடுவது மதர்போர்டில் ஒரு சிப்பில் எழுதப்பட்டிருக்கும் ஃபெர்ம்வேர். அது மெமரி, கீபோர்டு, டிஸ்க் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பூட் லோடர் என்ற சிறு நிரலைத் தேடிப் பிடித்துப் பொறுப்பை ஒப்படைக்கும். பூட் லோடர் போய் ஓஎஸ்ஸின் மையமான கெர்னலை மெமரிக்குக் கொண்டுவரும். கெர்னல் தன் டிரைவர்களை எழுப்பி, மீதிக் கோப்புகள் இருக்கும் டிஸ்க் பகுதியை, அதாவது பார்ட்டிஷனைப் பிடித்துக்கொள்ளும். லாகின் திரை வருவது அதற்கு அப்புறம்தான். இந்தக் கைமாற்றத்தில் யார் கையில் நின்றது என்பதுதான் முதல் கேள்வி.

பழைய முறை எளிமையானது. ஐபிஎம் பிசி 1981-இல் வந்தது. 1983-இல் அதன் ஓஎஸ்ஸான டாஸ் 2.0 ஹார்ட் டிஸ்கைக் கையாளத் தொடங்கியபோது ஏற்பட்ட ஏற்பாடு இது: டிஸ்கின் முதல் செக்டரான 512 பைட்டை, அந்தக் கால ஃபெர்ம்வேரான பயாஸ் படிக்கும். அதில் 446 பைட் நிரலுக்கு, 64 பைட் நான்கு பார்ட்டிஷன்களின் விவரத்துக்கு, கடைசி 2 பைட் அடையாளத்துக்கு. இதற்கு எம்பிஆர் என்று பெயர். 446 பைட்டில் தமிழை யூனிகோடில் எழுதினால் இரண்டு வரிதான் எழுதலாம். அதற்குள் ஒரு முழு பூட் லோடரை அடைக்க முடியாது. அதனால் லினக்ஸின் பூட் லோடரான கிரப் ஒரு சின்னத் துண்டை மட்டும் அங்கே வைத்துவிட்டு, மீதியை டிஸ்கின் வேறு இடங்களில் வைத்துக்கொண்டது.

கிரப்பைத் தமிழ்நாட்டில் பலர் முதலில் பார்த்தது 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் லேப்டாப்களில்தான் இருக்கும். அவற்றில் பலவற்றில் விண்டோஸும், மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. இடம் போதவில்லை என்று விண்டோஸுக்குள் இருந்தபடியே லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தால் என்ன ஆகும்? முதல் செக்டரில் இருக்கும் சின்னத் துண்டு அப்படியே இருக்கும். அது தேடிப்போகும் மீதி இருக்காது. அடுத்தமுறை ஆன் செய்ததும் “கிரப் ரெஸ்க்யூ” என்று ஒரு வரி. விண்டோஸ் ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே இருந்தும் கூப்பிட ஆளில்லை. இதன் மறுபக்கமும் உண்டு. லினக்ஸ் இருக்கும் கணினியில் விண்டோஸை மறுபடி போட்டால், அது கேட்காமலேயே அந்த 446 பைட்டைத் தன் நிரலால் மூடிவிடும். லினக்ஸ் காணாமல் போன மாதிரி இருக்கும்.

புதிய முறையான யூஇஎஃப்ஐ, இன்டெல் தன் இட்டானியம் சர்வர்களுக்காக 1990-களின் பிற்பகுதியில் தொடங்கிய வேலையிலிருந்து வந்தது. 2005-இல் பல நிறுவனங்கள் சேர்ந்த கூட்டமைப்பு அதை எடுத்துக்கொண்டது. 2012-இல் விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்து வீட்டுக் கணினிகளிலும் அதுவே வழக்கமாகிவிட்டது. இதில் முதல் செக்டர் விளையாட்டு கிடையாது. டிஸ்கில் ஃபேட்32 வடிவில் ஒரு சின்ன பார்ட்டிஷன் இருக்கும். விண்டோஸ் போட்டால் வழக்கமாக 100 எம்பி. பேச்சுவழக்கில் இஎஃப்ஐ பார்ட்டிஷன். அதற்குள் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர் என்று பூட் லோடர்கள் சாதாரணக் கோப்புகளாகவே இருக்கும். எந்த டிஸ்கில், எந்தப் பார்ட்டிஷனில், எந்தக் கோப்பு என்ற முகவரிப் பட்டியல் மட்டும் டிஸ்கில் இருக்காது. அது மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கும். டிஸ்க் நன்றாக இருந்தும் கணினி எழாமல் போவதற்கு இந்தப் பிரிவினைதான் பெரும் காரணம்.

இரண்டு முறையும் ஒரே கணினியில்

பல வருடங்களுக்கு மதர்போர்டுகள் இரண்டு முறையையும் ஒன்றாகவே தாங்கின. யூஇஎஃப்ஐக்குள் பழைய பயாஸைப் போல நடிக்கும் சிஎஸ்எம் என்ற பகுதி இருக்கும். ஃபெர்ம்வேர் செட்டிங்கில் அதை ‘லெகஸி’ என்று பார்த்திருப்பீர்கள். அதனால் ஒரே பென்டிரைவ் பூட் மெனுவில் இரண்டு தடவை தெரியும்: ஒன்று வெறும் பெயரோடு, மற்றொன்று முன்னால் யூஇஎஃப்ஐ என்ற ஒட்டோடு. அவசரத்தில் எதையோ ஒன்றை அழுத்துவோம். எந்த முறையில் பென்டிரைவ் எழுந்ததோ அதே முறையில்தான் இன்ஸ்டாலர் ஓஎஸ்ஸையும் போடும். டிஸ்கில் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் இருக்க, லினக்ஸ் லெகஸி முறையில் போய் உட்கார்ந்தால் இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே இருக்காது. ஒன்று எழும், மற்றது எழாது. செட்டிங்கை மாற்றினால் அப்படியே தலைகீழ்.

விண்டோஸ் இன்ஸ்டாலர் இந்த விஷயத்தில் கறாரானது. லெகஸி முறையில் எழுந்தால், எம்பிஆருக்குப் பதிலாக யூஇஎஃப்ஐயோடு வரும் ஜிபிடி வடிவ டிஸ்கில் போட முடியாது என்று முகத்துக்கு நேராக மறுத்துவிடும். அந்த எரிச்சலூட்டும் செய்தி உண்மையில் நல்லதுதான். லினக்ஸ் இன்ஸ்டாலர்கள் இவ்வளவு கண்டிப்பு இல்லாமல் போட்டு முடித்துவிடலாம். பிரச்சினை ரீஸ்டார்ட் செய்யும்போதுதான் தெரியும்.

இதைத் தவிர்ப்பது சுலபம். விண்டோஸில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ திறந்தால் ‘பயாஸ் மோட்’ என்ற வரி யூஇஎஃப்ஐயா லெகஸியா என்று சொல்லிவிடும். பென்டிரைவிலிருந்து ஓடும் லைவ் லினக்ஸில், சிஸ் என்ற ஃபோல்டருக்குள் ஃபெர்ம்வேர், அதற்குள் இஎஃப்ஐ என்ற ஃபோல்டர் இருக்கிறதா பார்க்க வேண்டும். இருந்தால் யூஇஎஃப்ஐ முறையில் எழுந்திருக்கிறது. ரூஃபஸ் போன்ற மென்பொருளில் பென்டிரைவ் தயாரிக்கும்போது எம்பிஆரா ஜிபிடியா என்று கேட்பதும் இதே விஷயம்தான். விண்டோஸ் பழைய எம்பிஆர் முறையில் இருந்தால், அதை அழிக்காமலே ஜிபிடிக்கு மாற்ற மைக்ரோசாஃப்டே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியை 2017-இலிருந்து விண்டோஸோடு தருகிறது.

நம் ஊரில் இன்னொரு வகை அடிக்கடி நடக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் மெதுவாக இருக்கிறது என்று புதிதாக ஒரு எஸ்எஸ்டி வாங்கி மாட்டுகிறார்கள். ஹார்ட் டிஸ்கைக் கழற்றாமலே எஸ்எஸ்டியில் விண்டோஸ் போடுகிறார்கள். எல்லாம் நன்றாக ஓடும். சில மாதம் கழித்து ஹார்ட் டிஸ்கைக் கழற்றினால், அல்லது அது செத்துப்போனால், எஸ்எஸ்டியில் இருக்கும் விண்டோஸும் எழாது. ஹார்ட் டிஸ்கில் ஏற்கெனவே ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருப்பதைப் பார்த்த இன்ஸ்டாலர், புது பூட் கோப்புகளை அங்கேயே வைத்துவிட்டிருக்கும். உபுண்டுவின் பழைய இன்ஸ்டாலரும் இதே வேலையைச் செய்யும். பூட் லோடரை எந்த டிஸ்கில் வைக்க வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுத்தாலும், யூஇஎஃப்ஐ முறையில் அதை மதிக்காமல் முதல் டிஸ்கில் வைத்துவிடும் குறை அதில் வெகுகாலம் இருந்தது. ஸ்க்ரூ டிரைவர்தான் இதற்குச் சிறந்த மருந்து: ஓஎஸ் போடும்போது மற்ற டிஸ்குகளைக் கழற்றி வைத்துவிடுவது.

திரையில் வரும் வரி யாருடையது?

“நோ பூட்டபிள் டிவைஸ்”, “ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்”, “ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்” இவையெல்லாம் ஃபெர்ம்வேரின் குரல். அது பூட் லோடரையே கண்டுபிடிக்கவில்லை. மேலே சொன்ன முறைத் தகராறு, முகவரி தொலைந்தது, டிஸ்க் மாறியது எல்லாம் இந்த வகை. கிரப் என்ற பெயரோடு நின்றால் பூட் லோடர் எழுந்துவிட்டது, தன் மீதியையோ கெர்னலையோ காணாமல் தவிக்கிறது என்று அர்த்தம். “கெர்னல் பேனிக்” என்றோ, “எமர்ஜென்சி மோட்” என்றோ வந்தால் கெர்னல்வரை எல்லாம் சரி. பெரும்பாலும் அது தேடும் பார்ட்டிஷன்தான் கிடைக்கவில்லை. விண்டோஸின் நீலத் திரையில் “இனாக்சஸிபிள் பூட் டிவைஸ்” என்று வருவதும் இதே நிலைதான்.

ஃபெர்ம்வேரே ஓரவஞ்சனை செய்யும் கதைகளும் உண்டு. லெனோவோவின் திங்க்சென்டர் எம்92பி என்ற மாடலில், முகவரிப் பட்டியலில் இருக்கும் பெயர் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்றோ ‘ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ்’ என்றோ இருந்தால் மட்டுமே ஃபெர்ம்வேர் அதை ஏற்றுக்கொள்கிறது என்று 2012-இல் மேத்யூ காரெட் என்ற லினக்ஸ் வல்லுநர் கண்டுபிடித்து எழுதினார். மற்ற பெயர் என்றால் எழாது. பெயரை வைத்து ஆளைத் தீர்மானிக்க எந்த விதியும் சொல்லவில்லை; யாரோ ஒரு புரோகிராமர் எழுதிய ஒப்பீடு, அவ்வளவுதான். இந்த மாதிரிப் பிடிவாதக் கணினிகளுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. பட்டியலில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், இஎஃப்ஐ பார்ட்டிஷனில் ‘பூட்’ என்ற ஃபோல்டருக்குள் பூட்எக்ஸ்64 என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தால் ஃபெர்ம்வேர் அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது யூஇஎஃப்ஐ விதி. பென்டிரைவ்கள் எந்த முகவரியும் பதியாமல் எழுவது இதனால்தான். பூட் லோடரின் ஒரு பிரதியை அந்தப் பெயரில் வைத்துவிட்டால் பல கணினிகள் வழிக்கு வரும்.

கையெழுத்துச் சிக்கல்

செக்யூர் பூட் இயங்கும் கணினியில் பூட் லோடர் இருந்தால் மட்டும் போதாது; ஃபெர்ம்வேர் நம்பும் சாவியால் கையெழுத்திடப்பட்டும் இருக்க வேண்டும். கணினிகளில் வழக்கமாக இருப்பவை மைக்ரோசாஃப்டின் சாவிகள். அதனால் லினக்ஸ்காரர்கள் ஷிம் என்ற சிறு நிரலை எழுதி, அதற்கு மைக்ரோசாஃப்டின் கையெழுத்தை வாங்கி, அதன் வழியாக கிரப்பை ஓட்டுகிறார்கள். போட்டியாளரின் வாசலில் அனுமதிச் சீட்டு வாங்கி உள்ளே போகும் ஏற்பாடு. பிடிக்கிறதோ இல்லையோ, வேலை செய்கிறது.

2024 ஆகஸ்ட் 13-ஆம் தேதி வந்த விண்டோஸ் அப்டேட்டில் இது தடுமாறியது. கிரப்பில் 2022-இல் வெளியே தெரிந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைப்பதற்காக, பழைய பூட் லோடர்களை ஒதுக்கிவைக்கும் எஸ்பேட் என்ற பட்டியலை அந்த அப்டேட் புதுப்பித்தது. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினிகளை அது தொடாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. தொட்டுவிட்டது. உபுண்டு, மின்ட், டெபியன் வைத்திருந்த பலருக்கு, எஸ்பேட் சோதனை தோற்றது, ‘ஏதோ பெரிய தப்பு நடந்துவிட்டது’ என்ற பொருளில் ஒரு வரி வந்து கணினி அணைந்தது. லினக்ஸ் பக்கம் அவர்கள் எதையும் மாற்றியிருக்கவில்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய் அந்தப் பட்டியலை நீக்கி, மறுபடி இயக்குவதுதான் அப்போது வழி. மைக்ரோசாஃப்டின் திருத்தம் 2025 மே மாதம்தான் வந்தது. பழைய ஐஎஸ்ஓவை, அதாவது பழைய இன்ஸ்டால் கோப்பை, வைத்து இன்றைக்கு ஓஎஸ் போடுபவர்களுக்கு இதே தடை வரலாம். புதிய பதிப்பை இறக்கிக்கொள்வதே தீர்வு. சில புது லேப்டாப்களில், உதாரணமாக 2022-க்குப் பிறகான திங்க்பேட்களில், ஷிம் போன்றவற்றுக்குக் கையெழுத்திடும் மைக்ரோசாஃப்டின் மூன்றாம் தரப்புச் சாவியே முதலில் அணைக்கப்பட்டிருக்கும். செக்யூர் பூட்டை அணைக்கத் தேவையில்லை. செட்டிங்கில் அந்தச் சாவியை அனுமதித்தால் போதும்.

அதே செட்டிங் பக்கத்தில் இன்னொரு கண்ணி. இன்டெல் பிராசஸர் உள்ள பல லேப்டாப்களில் டிஸ்க் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற முறையில் இருக்கும். லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு டிஸ்க் தெரியவில்லை என்றால் அதை ஏஎச்சிஐ என்ற பொது முறைக்கு மாற்றச் சொல்வார்கள். மாற்றினால் லினக்ஸுக்கு டிஸ்க் தெரியும். விண்டோஸ் “இனாக்சஸிபிள் பூட் டிவைஸ்” என்று விழும், ஏனென்றால் புது முறைக்கான டிரைவரை எழுப்ப அது தயாராக இருக்காது. விண்டோஸை அடுத்தமுறை சேஃப் மோடில் எழும்படி முதலில் சொல்லிவைத்து, அதற்குப் பிறகு செட்டிங்கை மாற்றினால் தானே சரிசெய்துகொள்ளும். இந்த வரிசை முக்கியம்.

இப்படி ஃபெர்ம்வேரில் எதைத் தொட்டாலும் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் விழித்துக்கொள்ளலாம். நீலத் திரையில் 48 இலக்க எண்ணைக் கேட்கும். நான் பூட்டவே இல்லையே என்பார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு செட்டப் செய்த பல விண்டோஸ் 11 கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். எண் அந்தக் கணக்கில் இருக்கும். வேறு ஓஎஸ் போடுவதற்கு முன்பே அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையில் மற்ற பெரும்பாலானவற்றுக்கும் வழி இருக்கிறது. எண் தொலைந்த பிட்லாக்கருக்குக் கிடையாது.

சரிசெய்யவே முடியாத இன்னொரு வகையும் உண்டு. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, பாப்கவுன்ட் போன்ற சில கட்டளைகள் பிராசஸரிலேயே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. கோர் 2 டுவோ காலத்துக் கணினிகளில் அவை இல்லை. டிபிஎம் சோதனையைத் தாண்டிப் போட்டாலும் கணினி திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். அங்கே நேரத்தை வீணாக்காமல் லினக்ஸ் போடுவதே நல்லது.

எதிர்வகையும் இருக்கிறது: கணினி எழுந்துவிட்டது, திரைதான் கறுப்பு. என்விடியா கார்டு உள்ள கணினிகளில் லினக்ஸ் போட்டதும் இது சகஜம். கேப்ஸ் லாக் அழுத்தினால் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரிந்தால் பெரும்பாலும் உள்ளே எல்லாம் ஓடுகிறது. கிரப் பட்டியலில் இ பட்டனை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் முடிவில் நோமோட்செட் என்று சேர்த்தால் எளிய காட்சி முறையில் திரை வரும். அப்புறம் சரியான டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம்.

பழுது பார்க்கும் வரிசை

முதல் வேலை, பென்டிரைவிலிருந்து லைவ் லினக்ஸை எழுப்பி டிஸ்கைத் திறந்து பார்ப்பது. கோப்புகள் தெரிந்தால் முக்கியமானவற்றை வெளியே பிரதி எடுத்துவிட வேண்டும். இதைச் செய்துவிட்டால் மீதியைப் பதற்றமில்லாமல் செய்யலாம். அடுத்து, எஃபிபூட்எம்ஜிஆர் என்ற கட்டளை மதர்போர்டின் முகவரிப் பட்டியலை அப்படியே காட்டும். லினக்ஸின் பெயர் இருந்தும் விண்டோஸுக்குக் கீழே கிடந்தால் வரிசையை மாற்றினால் போதும். பெயரே இல்லை என்றால் கிரப்பைத் திரும்பப் பதிய வேண்டும். கட்டளைகளோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்களுக்கு பூட் ரிப்பேர் என்ற கருவி அதைச் செய்துவிடும். விண்டோஸ் பக்கம் என்றால், இன்ஸ்டால் பென்டிரைவில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து பிசிடிபூட் கட்டளையை ஓட்டினால், விண்டோஸ் ஃபோல்டரிலிருந்தே பூட் கோப்புகளைப் புதிதாக எடுத்து இஎஃப்ஐ பார்ட்டிஷனில் வைத்துவிடும். ஹார்ட் டிஸ்கைக் கழற்றியதால் எழாமல் போன எஸ்எஸ்டிக்கும் இதுதான் வைத்தியம். எஸ்எஸ்டியில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் இல்லை என்றால், இருக்கும் பார்ட்டிஷனைக் கொஞ்சம் சுருக்கி 100 எம்பிக்கு ஒன்று உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

எப்போதாவது ஓஎஸ்ஸே ஃபெர்ம்வேரைக் கெடுத்ததும் நடந்திருக்கிறது. 2017 அக்டோபரில் வந்த உபுண்டு 17.10-இல் இருந்த ஒரு இன்டெல் டிரைவர், சில லெனோவோ லேப்டாப்களின் பயாஸ் சிப்பைத் தொட்டுக் குழப்பியது. செட்டிங் எதையும் சேமிக்க முடியவில்லை. சிலவற்றில் யுஎஸ்பியிலிருந்து எழுவதே நின்றுபோனது. உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் டிசம்பரில் அதன் இறக்கத்தை நிறுத்திவைத்து, அந்த டிரைவரை அகற்றிய பதிப்பை 2018 ஜனவரியில் வெளியிட்டது. இது அபூர்வம்.

அபூர்வம் இல்லாத ஒன்று பழைய டெஸ்க்டாப்களில் உண்டு. எல்லாம் சரிசெய்து, ஒரு வாரம் நன்றாக ஓடி, கரண்ட் போய் வந்ததும் மறுபடி “நோ பூட்டபிள் டிவைஸ்” என்று நிற்கும். தேதியைப் பார்த்தால் பல வருடம் பின்னால் போயிருக்கும். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்து, யூஇஎஃப்ஐ, ஏஎச்சிஐ என்று நாம் மாற்றி வைத்த செட்டிங் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கிறது. கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும் அந்த பேட்டரியை மாற்றி, செட்டிங்கை மறுபடி வைத்து சேமித்தால், ஓஎஸ்ஸைத் தொடாமலே கணினி எழுந்துவிடும்.